மாஸ்க் போட்டும் நைட்டு நாலு தடவை முழிப்பு வருதா? சிபாப் மெஷினை ஓரங்கட்டும் முன் இதைப் படிங்க!

ஊரையே எழுப்பும் குறட்டை, பகல் முழுக்க தூக்கக் கலக்கம், காலையில் தலைவலி... டெஸ்ட் எடுத்துப் பார்த்தால் 'ஸ்லீப் ஆப்னியா'. டாக்டர் சொன்னபடி சிபாப் மெஷினும் வாங்கியாச்சு. இனி நிம்மதியா தூங்கலாம்னு மாஸ்க்கை மாட்டிப் படுத்தால் 12 மணிக்கு ஒரு முழிப்பு, 2 மணிக்கு ஒரு முழிப்பு, 4 மணிக்குப் பார்த்தால் மாஸ்க் தலையணை பக்கத்தில் கிடக்கிறது.

'இதுக்கு மெஷின் இல்லாமலே நல்லாத் தூங்கினேனே' என்று தோன்றுகிறதா? ஆரம்ப வாரங்களில் பலருக்கும் வரும் பிரச்னைதான் இது. பல வீடுகளில் மெஷின் பீரோ மேலே போவதும் இந்தக் கட்டத்தில்தான்.

உண்மையிலேயே நல்லாத் தூங்கினீங்களா?

ஸ்லீப் ஆப்னியாவில் தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதை அடைபடும். ஆக்ஸிஜன் குறைந்ததும் மூளை உங்களைச் சில விநாடிகள் உசுப்பிவிடும். மூச்சு திரும்பியதும் மறுபடி தூக்கம். விழிப்பு சில விநாடிகள்தான் என்பதால் காலையில் எதுவும் நினைவிருக்காது.

ஸ்லீப் டெஸ்ட் ரிப்போர்ட்டில் 'ஏஹெச்ஐ' என்று ஓர் எண் இருக்கும். ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை மூச்சு நின்றது அல்லது குறைந்தது என்ற கணக்கு அது. 5 முதல் 15 வரை லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் தீவிரம். 30 என்றால், சராசரியாக இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை! இப்போது மாஸ்க்கால் வரும் நாலு முழிப்பு நினைவில் நிற்கிறது. முன்பு வந்த நூற்றுக்கணக்கான தடங்கல்கள் நிற்கவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

தவிர, சுமார் 90 நிமிடத்துக்கு ஒருமுறை தூக்கச் சுழற்சி மாறும்போது லேசாக விழிப்பு வருவது எல்லோருக்கும் இயல்பு. முன்பு புரண்டு படுத்துத் தூங்கிவிடுவீர்கள். இப்போது முகத்தில் மாஸ்க் தட்டுப்படுவதால் முழுசா விழித்துக்கொள்கிறீர்கள்.

எழுந்ததும் கவனிங்க... காரணம் அங்கேதான் இருக்கு!

* வாய் வறண்டு போகுதா? வாய் வழியே காற்று கசிகிறது. ஹியூமிடிஃபையர் அளவைக் கூட்டிப் பாருங்கள். மூக்கடைப்பு இருந்தால் முதலில் அதற்கு சிகிச்சை எடுங்கள். அப்படியும் சரியாகவில்லை என்றால், வாயையும் மூக்கையும் சேர்த்து மூடும் மாஸ்க் பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

* கண்ணில் காற்று அடிக்குதா, 'புஸ்'னு சத்தம் வருதா? மாஸ்க் ஓரத்தில் லீக். ஸ்ட்ராப்பை இன்னும் இறுக்கினால் மூக்கில் புண்தான் வரும். மெஷினை ஆன் செய்து, தூங்கும் நிலையில் படுத்துக்கொண்டே மாஸ்க்கைச் சரிசெய்யுங்கள். முகத்தில் எண்ணெய்ப் பசையும் தாடியும்கூட லீக்குக்குக் காரணமாகலாம். படுக்கும் முன் முகம் கழுவுங்கள். மாஸ்க் குஷனையும் தினமும் சுத்தம் செய்யுங்கள்.

* முகத்தில் தண்ணீர் சொட்டுதா? ஏசி ரூமில் டியூப் குளிர்ந்து, உள்ளே இருக்கும் ஈரக் காற்று தண்ணீராகிவிடும். ஏசியின் குளிரைக் குறையுங்கள். டியூபைப் போர்வைக்குள் விடுங்கள். மெஷினைக் கட்டில் மட்டத்துக்குக் கீழே வையுங்கள்.

* வயிறு உப்பி ஏப்பம் வருதா? காற்றை விழுங்குகிறீர்கள். டாக்டரிடம் சொல்லி பிரஷரை மறுபரிசீலனை செய்ய வேண்டும். நீங்களாக மாற்றாதீர்கள்.

* மூச்சு முட்டுதா? குறைந்த பிரஷரில் தொடங்கி மெதுவாகக் கூடும் 'ரேம்ப்' வசதி பல மெஷின்களில் உண்டு. சிலருக்குத் தொடக்க பிரஷர் ரொம்பக் குறைவாக இருந்தாலும் காற்று போதாத மாதிரி இருக்கும். அதையும் சரிசெய்ய முடியும்.

* கரன்ட் போயிடுதா? மெஷின் நின்றால் மாஸ்க்கைக் கழற்றிவிடுங்கள். அடிக்கடி பவர்கட் ஆகும் ஏரியா என்றால், உங்கள் இன்வெர்ட்டர் இந்த மெஷினுக்கு எவ்வளவு நேரம் தாங்கும் என்று முன்பே விசாரித்து வையுங்கள்.

பகல்லயே பழகுங்க!

மாஸ்க்குடன் முதல் சந்திப்பே நைட்டு தூக்கத்தில் வேண்டாம். ரீல்ஸ் பார்க்கும்போது கொஞ்ச நேரம் மாஸ்க்கை முகத்தில் வைத்துப் பழகுங்கள். அடுத்து மெஷினையும் ஆன் செய்து உட்காருங்கள். பிறகு அதே நிலையில் படுத்துப் பாருங்கள். மூளைக்கு அது பழக்கமான பொருளாக மாறணும். அதுதான் கணக்கு.

நடுராத்திரி முழிச்சா என்ன செய்யணும்?

போனை எடுத்து மணி பார்க்காதீர்கள். லீக் இருந்தால் சரிசெய்து, ரேம்ப்பை மறுபடி ஆன் செய்து படுங்கள். 20 நிமிடம் ஆனது போலத் தோன்றியும் தூக்கம் வரவில்லையா? எழுந்து மங்கலான வெளிச்சத்தில் உட்கார்ந்துவிட்டு, தூக்கம் வந்ததும் திரும்பப் போங்கள். போகும்போது மாஸ்க் கட்டாயம்! கனவு வரும் 'ரெம்' தூக்கம் விடியற்காலையில்தான் அதிகம். பலருக்கு மூச்சுத்தடை மோசமாவதும் அப்போதுதான். '4 மணி வரை போட்டேனே, போதும்' என்று கழற்றி வைத்தால், முக்கியமான நேரத்தைக் கோட்டை விட்டுவிடுவீர்கள்.

மதுவும் டாக்டர் சொல்லாத தூக்க மாத்திரையும் வேண்டவே வேண்டாம். இரண்டுமே மூச்சுத்தடையை மோசமாக்கலாம்.

எப்போ டாக்டரைப் பார்க்கணும்?

மெஷினின் திரையிலோ ஆப்பிலோ மூன்று விஷயங்களைப் பாருங்கள்: எத்தனை மணி நேரம் போட்டீர்கள், லீக் எவ்வளவு, ஏஹெச்ஐ எவ்வளவு. ஏஹெச்ஐ 5-க்குக் கீழே வருவதுதான் பொதுவான இலக்கு. அது குறையவே இல்லை என்றாலோ, எண்கள் எல்லாம் நன்றாக இருந்தும் சில வாரங்களாக முழிப்பு தொடர்ந்தாலோ டாக்டரைப் பாருங்கள். தூக்கமின்மை போன்ற வேறு பிரச்னையும் கூடவே இருக்கலாம். அதற்குத் தனி சிகிச்சை உண்டு.

பகலில் கண் சொக்குகிறதா? அது சரியாகும்வரை பைக், கார் சாவியைத் தொடாதீர்கள். ஸ்லீப் ஆப்னியாவைக் கவனிக்காமல் விட்டால் சாலை விபத்து, உயர் ரத்த அழுத்தம், இதயப் பிரச்னை என ஆபத்துகள் வரிசை கட்டும்.

இன்று இரவு முழிப்பு வந்தால், காரணத்தை மட்டும் மனசில் குறித்துக்கொள்ளுங்கள். வாய் வறட்சியா, லீக்கா, தண்ணீரா? காலையில் எழுதி வையுங்கள். ஒரு வாரத்துக் குறிப்பு கையில் இருந்தால், டாக்டருக்குப் பாதி வேலை முடிஞ்சுது!