தோட்டா: சொல்லும் பொருளும்

ஒரு முறை சுடுவதற்கு வேண்டிய மருந்தையும் குண்டையும் ஓர் உறைக்குள் அடக்கிய பொதிக்குத் தோட்டா என்று பெயர். பாறையில் துளையிட்டு வெடி வைப்போர் அந்தத் துளைக்குள் இறக்கும் குச்சியும் தோட்டாதான். மலையாளத்தில் மீனைக் கொல்ல நீரில் எறியும் வெடி 'தோட்ட'. தமிழ்த் தோட்டா 'தோடு' என்னும் பழந்தமிழ்ச் சொல்லின் வழி வந்தது என்று சொல்வோர் உண்டு. ஓலையைச் சுருட்டிக் காதில் இட்டது தோடு, தாளைச் சுருட்டி மருந்து அடைத்தது தோட்டா என்பது அவர்கள் கூற்று. கேட்க இனிக்கும். ஆனால் இனிமை சொல்லாராய்ச்சியில் சான்று ஆகாது.

வான்சிறப்பின் இரண்டாம் குறளில் 'துப்பாக்கி' இருப்பதாகச் சொல்லி மகிழ்வதும் இந்த வகைதான். அங்கே இருப்பது 'துப்பு ஆக்கி', அதாவது உணவை உண்டாக்கி. சுடும் துப்பாக்கியோ துருக்கிய 'துஃபெக்', பாரசீக 'துஃபங்க்' வழிவந்தது. தெலுங்கிலும் கன்னடத்திலும் அது 'துபாகி' அல்லது 'துபாக்கி'. ஈழத்தில் 'துவக்கு' என்று நிற்பதும் அதே சொல். அங்கே காட்டுப்பன்றிக்கு வைக்கும் பொறி கட்டுத்துவக்கு, வாய்வழி மருந்திட்டு இடிக்கும் நாட்டுத் துப்பாக்கி இடியன் துவக்கு. துவக்கைத் தமிழ்த் 'தொடக்க'த்தோடு முடிச்சுப் போட இன்னும் எவரும் முன்வராதது நல்லூழ்.

சொல்லுக்கு முன் பொருளைப் பார்ப்பது முறை. பழைய ஒற்றைச் சூட்டுத் துப்பாக்கிக்கு வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றும் கலந்த கருமருந்துதான் ஆதாரம். பெரும்பாலும் நூற்றுக்கு 75, 10, 15 என்ற அளவில் இம்மூன்றும் கலக்கப்பட்டன. மருந்தைக் கொம்பிலோ குடுவையிலோ வைத்துப் போர்க்களத்தில் அளந்து ஊற்றினால் நேரமும் போகும், அளவும் தப்பும். ஐரோப்பியச் சிப்பாய்கள் ஒரு சூட்டுக்குரிய மருந்தைச் சிறு மரக்குழல்களில் அடைத்துத் தோள்வாரில் கோத்துத் தொங்கவிட்டனர். பின்னர் மரக்குழலின் இடத்தைத் தாள்குழல் பிடித்தது. உருளைக் கட்டை ஒன்றின் மேல் தாளைச் சுற்றி, நுனியை நூலால் கட்டி, குண்டை இறக்கி, மேலே மருந்தைக் கொட்டி, மிஞ்சிய தாளை மடக்கிவிடுவார்கள். சிப்பாய் அதன் வாலைப் பல்லால் கடித்துக் கிழிப்பான்; சிறிது மருந்தைக் கிண்ணியில் ரஞ்சகமாக இடுவான்; எஞ்சியதைக் குழலில் கொட்டிக் குண்டையும் தாளையும் சலாகையால் இடித்துக் கெட்டிப்பான். ரஞ்சகமும் தமிழ் இல்லை; பற்றவைக்கும் மருந்தைக் குறிக்கும் வடநாட்டு 'ரஞ்சக்' அது.

1853இல் வந்த என்ஃபீல்டு துப்பாக்கியின் குழல்வாய் 0.577 அங்குலம். அதன் தாள் தோட்டாவில் சுமார் நாலரை கிராம் மருந்தும் 34 கிராம் ஈயக் குண்டும் இருந்தன. குண்டு குழலுக்குள் வழுக்கி இறங்க வேண்டித் தோட்டாவின் குண்டுப் பக்கத்தில் மெழுகும் கொழுப்பும் பூசினர். அது பசுக்கொழுப்பு, பன்றிக்கொழுப்பு என்ற பேச்சு 1857 சனவரியில் கல்கத்தாவை அடுத்த டம்டம்மில் கிளம்பியது. பல்லால் கடிக்க வேண்டாம், கையால் கிழிக்கலாம் என்று பயிற்சி விதியையே மாற்றினார்கள், ஐயம் அடங்கவில்லை. ஏப்ரல் 24 அன்று மீரட்டில் மூன்றாம் இலகுக் குதிரைப்படையின் 90 பேரில் 85 பேர் தோட்டாவைக் கையில் வாங்க மறுத்தனர்.

கடிக்கும் வேலையை ஒழித்தது பின்புறம் திறந்து தோட்டா இடும் அமைப்பு. என்ஃபீல்டையே 1866இல் ஸ்னைடர் முறைக்கு மாற்றினார்கள். அதற்கு வேண்டிய தோட்டாவை உருவாக்கியவர் வூல்விச் படைக்கலக் கூடத்தின் பாக்ஸர். மெல்லிய பித்தளைத் தகட்டைக் குழலாகச் சுருட்டி, அடியில் இரும்பு வட்டும் நடுவில் தட்டினால் பொறியும் கேப்பும் வைத்தார். 1871இல் ஏற்கப்பட்ட மார்ட்டினி-ஹென்றித் துப்பாக்கிக்கும் முதலில் இந்தச் சுருள் தகட்டு உறையே. அதில் ஐந்தரை கிராம் மருந்து, 31 கிராம் குண்டு. தொடர்ந்து சுட்டுச் சூடேறிய துப்பாக்கியில் சுருள் உறை சிக்கிக்கொண்டு வர மறுத்தது. சூடான் போரில் இக்குறை பெரிதாகவே, ஒரே பித்தளைத் துண்டை இழுத்து உருவாக்கிய திட உறைக்கு மாறினார்கள். தோடு என்போர் எதிர்பார்க்கும் 'சுருட்டல்' உறையைப் பொறுத்தவரை இங்கே வந்து முடிவடைகிறது.

இந்தத் துப்பாக்கிகளுக்கான தோட்டா இன்று கடைச்சரக்கு அன்று. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பழந்துப்பாக்கி வைத்திருப்போர் 24 எண் வேட்டைத் துப்பாக்கியின் பித்தளை உறையை எடுத்து, வேண்டிய நீளத்துக்கு வெட்டி, கழுத்தைச் சூடுகாட்டி இளக்கி, அச்சில் அழுத்தி மார்ட்டினிக்கு ஏற்றபடி ஒடுக்கிக்கொள்கிறார்கள். உள்ளே கருமருந்துதான், புகையில்லா மருந்தின் அழுத்தத்தை அந்தக் கால இரும்பு தாங்காது. ஈயக் குண்டின் மேல் மெல்லிய தாளைச் சுற்றுவது இன்றும் நிற்கவில்லை. பித்தளை வந்த பிறகும் தாள் தன் இடத்தை விடவில்லை என்பது கவனிக்கத் தக்கது. ஏனெனில் ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் இப்பொருளின் பெயரே தாளிலிருந்து பிறந்தது.

இத்தாலிய 'கார்த்தா' தாள், 'கார்த்தோச்சோ' தாள்கூம்பு. அதன் வழியே பிரெஞ்சில் 'கார்த்தூஷ்', ஆங்கிலத்தில் 'கார்ட்ரிட்ஜ்'. போர்ச்சுகீசியரின் 'கார்த்தூஷு' இந்துஸ்தானியில் 'கார்த்தூஸ்' ஆயிற்று. அதே போர்ச்சுகீசியரின் 'கார்த்தாஸ்' தமிழில் 'கடுதாசி'. ஆக, தமிழன் எழுதும் கடுதாசிக்கும் வடநாட்டான் சுடும் கார்த்தூசுக்கும் பாட்டி ஒருத்தியே. சிங்களமோ டச்சுக்காரரின் 'பத்ரோன்' என்பதைப் 'பத்தரோம' ஆக்கிக்கொண்டது. ஈழத்தில் ரவை, சன்னம் என்றும் சொல்கிறார்கள்; இரண்டும் நுண்மை குறித்த சொற்கள், குண்டுக்கு ஆகிவந்தவை.

தமிழ் கார்த்தூசை எடுக்கவில்லை. இந்துஸ்தானியில் அதற்குப் பக்கத்தில் இருந்த 'டோட்டா'வை எடுத்தது. டோட்டாவுக்கு மூங்கில் துண்டு, எரிந்து மிஞ்சிய மெழுகுவத்தித் துண்டு, தோட்டா, குறைவு, நட்டம் என்று பொருள்கள் உண்டு. மராத்தியிலும் 'தோட்டா' நட்டத்தைக் குறிக்கும். அடிப்பொருள் துண்டு, குட்டையானது. விரல் நீளக் குழலுக்கு மூங்கில் துண்டின் பெயர் பொருந்துவது இயல்பு. பாறை வெடிக்காரரின் குச்சியும் தோட்டா எனப்படுவதற்கு இதுவே விளக்கம் தரும்; சுருட்டிய ஓலை தராது.

திரித்துப்பாக்கியின் எரிதிரிக்கு வடக்கே 'தோடா' என்று பெயர்; அதிலிருந்தே தோட்டா என்பது இன்னொரு கட்சி. அக்கட்சி நிற்காது. கைவளைக்கும் சங்கிலிக்கும் பெயரான அதே வடிவம் தமிழுக்கு வந்திருக்கிறது. வித்துவான்களுக்குப் பரிசளித்த தங்கத் 'தோடா'வில் டகரம் ஒற்றையாகவே நிற்கிறது. திரி வந்திருந்தாலும் தோடா என்றுதான் வந்திருக்கும்.

இனி ஒலி. டகரம் தமிழில் சொல்லுக்கு முதலாகாது. தொல்காப்பியமும் நன்னூலும் வகுத்த வரம்பு அது. பழைய இரவல்களில் டகரமுதல் தகரமாகிவிடும். டோப்பி தொப்பியாயிற்று, டபால் தபாலாயிற்று, டோட்டா தோட்டாவாயிற்று. இடையில் வரும் வல்லொலியைக் காக்கத் தமிழ் இரட்டிக்கும். ரொட்டி அப்படி வந்தது. எல்லாம் ஒரே தடம்.

தோடு தொல்காப்பிய மரபியலில் புல்லின் உறுப்பு, சங்கப் பாட்டில் பூவிதழ், ஓலை. சம்பந்தரின் முதற் பதிகம் தொடங்குவது இச்சொல்லில். இவ்வளவு பழகிய சொல் வேற்றுமையில் 'தோட்டு' ஆகும், தோட்டை, தோட்டின் என்று வரும். 'தோட்டா' ஆக அதற்கு வழியில்லை. நிலா, கனா, விழா போன்றவை ஆகாரத்தில் முடிந்தாலும் அவற்றுக்கு நிலவு, கனவு, விழவு என்ற இணை உண்டு. 'தோட்டவு' என்று எந்த நூலில் உண்டு? ட்டகரத்தை ஒட்டி ஆகாரத்தில் முடியும் பெயர்கள் வருவாய்த்துறையிலும் அடுப்படியிலும் கிடைக்கின்றன: பட்டா, சிட்டா, ஆட்டா. மூன்றும் வடக்கிலிருந்து வந்தவை. தோட்டாவைத் தோட்டோடு கட்டுவோர் முதலில் இம்மூன்றுக்கும் தமிழ் வேர் காட்டட்டும்.