மரக்கடைசல் பழக நான்கு உளிகள் போதும்

சுழலும் மரக்கட்டையில் உளி வைத்துப் பம்பரம், சப்பாத்திக் கட்டை, கிண்ணம் போன்றவற்றைச் செய்வதே மரக்கடைசல். அம்பாசமுத்திரத்து மரச் செப்புச் சாமான்களும் இப்படிக் கடைந்தவையே. கிள்ளான், பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் இதைப் பழக விரும்புவோர் தொடக்கத்திலேயே பெரிய உளித் தொகுப்பு வாங்கத் தேவையில்லை.

முதலில் வாங்க வேண்டியவை:

* ரஃபிங் கவ்ஜ்: சதுரக் கட்டையை உருளையாக்க
* ஸ்பிண்டில் கவ்ஜ்: வளைவு, குழிவு எடுக்க
* பார்ட்டிங் டூல்: அளவு வெட்ட, துண்டிக்க
* ஸ்கிரேப்பர்: மேற்பரப்பைச் சீராக்க

கிண்ணம் கடையப் பவுல் கவ்ஜ் தனியாக வேண்டும். அதற்கு ரஃபிங் கவ்ஜைப் பயன்படுத்தவே கூடாது. கைப்பிடிக்குள் நுழையும் இடத்தில் அது மெலிந்திருக்கும். மரத்தில் சிக்கினால் ஒடிந்து தெறிக்கும்.

உளி ஹை ஸ்பீட் ஸ்டீலாக இருப்பது நல்லது. கார்பன் ஸ்டீல் சாணை பிடிக்கும்போது சூடேறி நீலம் பாய்ந்தால் பதம் போய்விடும். ஹை ஸ்பீட் ஸ்டீல் அந்தச் சூட்டைத் தாங்கும். மழுங்கிய உளியே ஆபத்தானது. ஆகவே சாணைக்கும் முகக் கவசத்துக்கும் பணம் ஒதுக்க வேண்டும். கடையும்போது கையுறை, தொங்கும் சங்கிலி, தளர்ந்த சட்டைக் கை வேண்டாம்.

பழக ஏற்ற மரம், தோட்டத்தில் பால் வற்றியபின் வெட்டப்படும் நம் பால்மரமே. பச்சையாக விட்டால் பூஞ்சணமும் வண்டும் சீக்கிரம் பிடிக்கும். பதப்படுத்திக் காயவைத்த கட்டையாகக் கேட்டு வாங்க வேண்டும்.