ரேடியோ நெல்லும் தரை டிக்கெட்டும்

சினிமா, ஊடகம் என்று காலேஜில் படிக்கிற பிள்ளைகளுக்கு 'பார்வையாளர்' என்று ஒரு பாடம் வைத்திருக்கிறார்கள். படம் எடுக்கிறவன் ஒன்னு சொல்றான். பாக்குறவன் அதை எப்படி எடுத்துக்கிறான், எடுத்துக்கிட்டதை வெச்சு என்ன பண்றான்? பாடத்தோட சாரம் இவ்வளவுதான். எங்க அக்கா மகள் விஸ்காம் ரெண்டாம் வருஷம். அவ விட்டுட்டுப் போன நோட்டுகளை, மும்முனை கரண்டுக்குக் காத்திருக்கிற நேரத்துல போர் செட்டுல உக்காந்து புரட்டினேன். படிக்கப் படிக்க ஒரு சங்கதி பிடிபட்டுச்சு. இந்தப் பாடத்துல பாதி நம்மளைப் பத்தினது. விவசாயியையும் தரை டிக்கெட்டுக்காரனையும் கண்டு பயந்தவங்க, அப்புறம் அவனை எண்ணிப் பாத்தவங்க, கடைசியில அவன்கிட்டயே போயி கேட்டவங்க. இவங்க கதைதான் அது. அதை வரிசையா எழுதி வைக்கலாம்னு தோணுச்சு.

முதல்ல பயம். 1918-ல் வெள்ளைக்காரன் சினிமாவுக்கு ஒரு சட்டம் போட்டான். 1920-ல் பம்பாய், கல்கத்தா, மதராஸ், ரங்கூன் நகரங்களில் தணிக்கைக் குழுக்கள் வந்தன. அமெரிக்கப் படங்களில் வெள்ளைக்காரப் பெண்கள் ஆடுவதையும் வெள்ளைக்காரர்கள் திருடுவதையும் இங்கே தரையில் உட்கார்ந்து பார்க்கிறவன் பார்த்தால் நம்ம மேல் மரியாதை போய்விடுமே என்பது அவர்களுடைய கவலைகளில் ஒன்று. இந்த ஜனங்களுக்குப் படிப்பு கிடையாது, கண்ணால் கண்டதை அப்படியே நம்புவார்கள் என்று ஒரு முடிவு. யாரையும் கேட்டு வந்த முடிவு இல்லை அது.

1927-ல் ஒரு விசாரணைக் குழுவைப் போட்டார்கள். தலைவர் நம்ம மதராஸ் வக்கீல் டி. ரங்காச்சாரியார். நாடு முழுக்கச் சுற்றி 353 பேரை விசாரித்தார்கள். கேள்வித்தாளும் அனுப்பினார்கள். காந்திக்கும் ஒன்று போனது. நான் சினிமாவுக்கே போனதில்லை, ஆனாலும் அதனால் வந்த கெடுதல் வெளியே இருக்கிறவனுக்கும் தெரிகிறது, நன்மை ஏதாவது உண்டென்றால் அதை இனிமேல்தான் நிரூபிக்க வேண்டும் என்கிற மாதிரி அவர் பதில் எழுதினார். பாக்காமலே தீர்ப்பு சொல்றதுல வெள்ளைக்காரனும் காந்தியும் ஒத்துப்போன இடம் இது ஒன்னாத்தான் இருக்கும்! 1928-ல் வந்த அறிக்கை நிதானமாக இருந்தது. கெடுதல் என்று சொல்லப்படுவது மிகைப்படுத்தப்பட்டது, பிரிட்டிஷ் சாம்ராஜ்யப் படங்களுக்குத் தனிச் சலுகை தேவையில்லை, இந்தியப் படத் தொழிலுக்குக் கை கொடுங்கள் என்றது. சர்க்கார் வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டியது. இன்னைக்கும் கமிஷன் அறிக்கைங்க போற இடம் அதுதானே.

அதே காலத்தில் அமெரிக்காவிலும் இந்தப் பயம் இருந்தது. அங்கே 1929 முதல் நாலைந்து வருஷம் பேய்ன் ஃபண்ட் என்ற அறக்கட்டளையின் பணத்தில், சினிமா பிள்ளைகளை என்ன செய்கிறது என்று ஆராய்ந்தார்கள். படம் பார்த்த பிள்ளை ராத்திரி எத்தனை தடவை புரண்டு படுக்கிறது என்று அளக்கக் கட்டிலில் கருவி மாட்டினார்களாம். இந்த மாதிரி யோசனைகளைத்தான் பின்னால் வந்தவர்கள் 'தோட்டா' கோட்பாடு என்றும் 'ஊசி' கோட்பாடு என்றும் சொன்னார்கள். மேலே இருந்து சுட்டால் கீழே இருக்கிறவன் மேல் படும், அவ்வளவுதான் என்கிற எண்ணம்.

அந்த எண்ணத்தை ஆட்டிப் பார்த்தது சினிமாக் கொட்டகை இல்லை. மக்காச்சோளக் காடு.

அமெரிக்காவில் அயோவா மாநிலம் மக்காச்சோளத்துக்குப் பேர் போனது. 1928-ல் அங்கே வீரிய ஒட்டு மக்காச்சோள விதை விற்பனைக்கு வந்தது. விளைச்சல் சுமார் 20 சதவீதம் கூடுதல், வறட்சியும் தாங்கும். ஆனால் எடுத்த கதிரிலிருந்து விதை வைக்க முடியாது, வருஷா வருஷம் காசு கொடுத்து வாங்க வேண்டும். அதுவரைக்கும் நல்ல கதிராகப் பார்த்து எடுத்து வைத்து விதைத்த சம்சாரிகள் அவர்கள். பிரைஸ் ரையன், நீல் கிராஸ் என்று இரண்டு ஆராய்ச்சியாளர்கள் இரண்டு ஊர்களில் 259 விவசாயிகளைப் போய்ப் பார்த்துப் பேசி, 1943-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். (இந்த ரையன் அப்புறம் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்து, அங்கத்திய சாதி பற்றிப் புத்தகமே எழுதினார். அது வேற கதை.)

அந்த 259 பேரில் இரண்டு பேர் தவிர எல்லோரும் 1941-க்குள் புது விதைக்கு மாறிவிட்டார்கள். ஆனா ஒரே நாள்ல மாறல, 13 வருஷம் ஆச்சு. கேள்விப்பட்டதுக்கும் விதைச்சதுக்கும் நடுவுல ஒவ்வொருத்தருக்கும் பல வருஷம் ஓடியிருக்கு. முதல்ல ஒரு துண்டு நிலத்துல போட்டுப் பாத்திருக்காங்க. விதையைப் பத்தி முதல்ல யார் சொன்னாங்கன்னு கேட்டா, பாதிப் பேர் விதைக் கம்பெனி ஏஜெண்டைச் சொல்றாங்க. எதை நம்பி விதைச்சீங்கன்னு கேட்டா, பக்கத்து வயல்காரன்னு சொன்னவங்கதான் அதிகம். இது நமக்குப் புதுசா? வரப்புல நின்னு அடுத்தவன் கதிரைக் கசக்கிப் பாக்காம எந்த விவசாயி விதை மாத்தியிருக்கான்!

சரியாக அந்த நேரத்தில், 1940-ல், லாசர்ஸ்ஃபெல்ட் என்கிறவர் ஒஹையோ மாநிலத்தில் ஒரு மாவட்டத்தைப் பிடித்துத் தேர்தல் ஆய்வு செய்தார். ரேடியோவும் பத்திரிகையும்தான் ஓட்டை மாற்றுகின்றன என்று நினைத்துப் போனவருக்கு, மனுஷனை மனுஷன்தான் மாற்றுகிறான் என்று தெரிந்தது. செய்தி முதலில் ஊரில் விவரம் தெரிந்த நாலு பேருக்குப் போகிறது, அவர்கள் வழியாகத்தான் மற்றவர்களுக்குப் போகிறது. இதுக்கு 'இரண்டு படி ஓட்டம்' என்று பேர். நம்ம ஊர் கணக்குல சொன்னா வாய்க்கால் தண்ணி நேரா வயலுக்கு வராது, மடை வழியாத்தான் வரும். மடையை யார் திறக்கிறாங்கன்னு பாக்கணும்.

அடுத்து டெகேட்டர் என்ற ஊரில் 800 பெண்களிடம் விசாரித்தார்கள். அதுவும் சோளமும் சோயாவும் விளைகிற வட்டாரம்தான். மளிகை, துணிமணி, அரசியல், சினிமா என்று நாலு விஷயத்தில் யார் பேச்சைக் கேட்கிறீர்கள் என்பது கேள்வி. மளிகை விஷயத்தில் பெரிய குடும்பத்து அம்மாமார்கள் முன்னால் நின்றார்கள். எந்தப் படத்துக்குப் போகலாம் என்பதில் மட்டும் கல்யாணமாகாத சின்னப் பெண்கள் பேச்சுதான் எடுபட்டது. 1955-ல் புத்தகமாக வந்தது. எங்க வீட்டு நிலவரமும் அதேதான். விதை நெல் என்னன்னு முடிவு பண்றது நானு, எந்தப் படம்னு முடிவு பண்றது பொண்ணுங்க.

இப்ப நம்ம பக்கத்துக்கு வருவோம். 1960-களில் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தில் ஆடுதுறை 27 என்ற நெல் ரகம் வந்தது. சுமார் 105 நாள் வயசு, குறுவைக்குத் தோதானது. தஞ்சாவூர் ஜில்லா அப்போது 'பேக்கேஜ்' திட்டத்தில் இருந்தது. 1966 வாக்கில் திருச்சி ரேடியோவில் பண்ணை ஒலிபரப்பு ஆரம்பித்து, அதில் இந்த நெல்லைப் பற்றி விடாமல் சொன்னார்கள். ஜனங்கள் வைத்த பேர் 'ரேடியோ நெல்'. ஊடகப் பாடப் புத்தகங்களில் இந்தப் பேர் இருக்கிறது, ஒரு வரியில். ரேடியோ சொல்லிச்சு, விவசாயி விதைச்சான் என்கிற மாதிரி.

எங்க அப்பா சொன்னது கொஞ்சம் வேற. பஞ்சாயத்து ஆபீஸ் ரேடியோவை எல்லாரும்தான் கேட்டாங்க. அந்த வருஷம் போட்டது ரெண்டே பேர். ஒருத்தர் நிறைய நிலம் உள்ளவர், போனா போவுதுன்னு போட்டார். இன்னொருத்தருக்கு ஆராய்ச்சி நிலையத்துல வேலை பாக்குற சொந்தக்காரர். மத்தவங்க அறுப்பு வரைக்கும் அந்த வயலைச் சுத்திச் சுத்தி வந்தாங்க. களத்துல மூட்டையை எண்ணினதுக்கு அப்புறம்தான் விதை கேட்டு நின்னாங்க. அப்பாவும் அந்தக் கூட்டத்துல ஒருத்தர். அயோவா கதையும் ஆடுதுறை கதையும் ஒரே கதைன்னு அவருக்குத் தெரிய வாய்ப்பில்லை.

1956-ல் புனே ரேடியோ 150 கிராமங்களில் விவசாயிகளைக் குழுவாக உட்கார வைத்து, கேட்டு முடித்ததும் பேச விட்டுப் பார்த்தது. 1975 ஆகஸ்ட் தொடங்கி ஒரு வருஷம், அமெரிக்க செயற்கைக்கோள் ஒன்றின் உதவியோடு ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்கு டிவி காட்டினார்கள். ஆன்டெனாவுக்கு உபயோகித்தது கோழிக்கூண்டுக் கம்பி வலை. தமிழ்நாடு அந்த ஆறில் இல்லை. நமக்கு அப்பவும் டூரிங் டாக்கீஸ்தான்.

டூரிங் டாக்கீஸுக்கு ஒரு மூல புருஷர் உண்டு. கோயம்புத்தூர் சாமிக்கண்ணு வின்சென்ட். திருச்சியில் ரயில்வேயில் வேலை பார்த்தவர், 1905-ல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் மிஷினை வாங்கி, வேலையை விட்டுவிட்டு, கூடாரத்தோடு ஊர் ஊராகப் போனார். 1914-ல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹாலைக் கட்டினார். அவர் போட்ட கூடாரம்தான் பின்னால் கீத்துக் கொட்டாயாக ஊருக்கு ஊர் முளைத்தது.

எங்க பக்கத்துக் கொட்டாயில் ஒரே ப்ரொஜெக்டர். ரீல் மாத்துறதுக்கே மூணு இடைவேளை. டவுன்ல ஓடி, சின்ன டவுன்ல ஓடி, கோடு விழுந்து மழை பெய்யிற பிரிண்ட்தான் எங்களுக்கு வரும். ஏ சென்டர், பி சென்டர், சி சென்டர்னு சினிமாக்காரங்க பிரிச்சு வெச்சிருக்காங்களே, அதுல நாங்க சி. கடைசி மடை. ஆனா கடைசி மடை வயல்லயும் விளையும். குறுவை அறுத்த காசு தீபாவளிக்கு, சம்பா அறுத்த காசு தைக்கு. எங்க ஜில்லாவில் கொட்டாய் நிறைஞ்சதும் காலியானதும் மேட்டூர் தண்ணியைப் பொறுத்துத்தான்.

இலங்கைப் பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி 1981-ல் எழுதிய சின்னப் புத்தகத்தில் ஒரு பெரிய விஷயம் சொல்கிறார். தமிழர்கள் எல்லோரும் ஒரே கூரைக்குக் கீழே உட்கார்ந்த முதல் கலை அரங்கம் சினிமாக் கொட்டகைதான். அங்கே இடம் பிறப்பைப் பார்த்து இல்லை, கையில் இருக்கிற காசைப் பார்த்து. எங்க ஊர் டீக்கடையில் தனி கிளாஸ் இருந்த காலம் அது. கோயில் வாசப்படி எல்லாருக்கும் திறக்கல. ஆனா கொட்டாயில் தரை டிக்கெட் வாங்கினவன் எல்லாரும் ஒரே மணல்ல உக்காந்தான். முன்னால இருக்கிறவன் தலை மறைச்சா, மணலைக் கூட்டி மேடு கட்டி அதும் மேல உக்காருவோம். எவன் மேடு உசரம்ங்கிறதுலதான் சண்டை வரும். சாதி உள்ள வரவே இல்லைன்னு நான் சொல்ல மாட்டேன். பெஞ்சுல யாரு, தரையில யாருன்னு பாத்தா நிலம் யார்கிட்ட இருந்துச்சுன்னு தெரிஞ்சிடும். காசும் சாதியும் நம்ம ஊர்ல ரொம்ப தூரத்துச் சொந்தம் இல்லையே. இருந்தாலும் விளக்கை அணைச்சதும் அந்த மூணு மணி நேரம் வேற மாதிரிதான்.

1973-ல் இங்கிலாந்தில் ஸ்டூவர்ட் ஹால் என்கிறவர் எழுதிய கட்டுரை இந்தப் பாடத்தையே புரட்டிப் போட்டது என்கிறார்கள். சொல்கிறவன் ஒரு அர்த்தத்தை வைத்து அனுப்புகிறான். கேட்கிறவன் அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம், கொஞ்சம் எடுத்துக் கொஞ்சம் விடலாம், நேர் எதிராகவும் படிக்கலாம். 1967-ல் தேவர் பிலிம்ஸின் 'விவசாயி' வந்தது, எம்.ஜி.ஆர். நடித்தது. எங்க கொட்டாய்க்கு ரொம்ப வருஷம் கழிச்சு வந்தப்ப, தரையில் உக்காந்திருந்த பெருசுங்க விசிலும் அடிச்சாங்க, 'சட்டையில ஒரு பொட்டு சேறு இல்லையே'ன்னு சிரிக்கவும் சிரிச்சாங்க. ரெண்டையும் ஒரே ஆளு பண்ணினார். படம் பாத்து ஏமாந்த கூட்டம்னு இவங்களை எழுதுறவங்க, அந்தச் சிரிப்பைக் கேட்டிருக்க மாட்டாங்க. எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992-ல் எம்.ஜி.ஆர். பற்றி எழுதின புத்தகம் கெட்டிக்காரப் புத்தகம்தான், அக்கா மகளுக்கு அதைக் கட்டாயம் படின்னு சொன்னேன். ஆனா அதுலயும் தரை டிக்கெட்டுக்காரன் பேச்சு எனக்குப் போதலை.

கடைசியாக எவரெட் ரோஜர்ஸ். அயோவா விவசாயி மகன். அவங்க அப்பா ஒட்டு மக்காச்சோளத்தை வேண்டாம்னு தள்ளிக்கிட்டே வந்தவர். 1936 வறட்சியில் இவங்க சோளம் காய்ஞ்சு, பக்கத்துக்காரன் ஒட்டுச் சோளம் நின்னப்பதான் மாறினார். பையன் படிச்சுப் பெரிய ஆளாகி, 1962-ல் புதுமை எப்படிப் பரவுகிறது என்று ஒரு புத்தகம் போட்டார். முதலில் எடுத்துக்கொள்கிறவர்கள் முன்னோடிகள், கடைசியில் வருகிறவர்கள் பின்தங்கியவர்கள் என்று ஐந்தாகப் பிரித்தார். உலகம் முழுக்க வேளாண் அதிகாரிகள் கையில் இருந்த புத்தகம் அது. சினிமா, செல்போன் எது பரவினாலும் இன்றைக்கும் அந்த ஐந்து பேர்தான்.

அதே ரோஜர்ஸ், 1950-களில் தன் ஆராய்ச்சிக்காகப் பார்த்த ஒரு விவசாயியைப் பற்றிப் பின்னாளில் எழுதுகிறார். அப்போது புதுசாக வந்திருந்த 2,4-டி களைக்கொல்லியை அந்த ஆள் அடிக்க மாட்டேன் என்றார். மருந்து என் நிலத்தில் மண்புழுவையும் குருவியையும் கொல்லுது என்றார். ரோஜர்ஸ் அவரைப் பின்தங்கியவர் பட்டியலில் எழுதினார். பல வருஷம் கழித்துத்தான், அந்த ஆள் இயற்கை விவசாயி, எல்லோருக்கும் முன்னாலேயே போய்விட்டவர் என்று ஒப்புக்கொண்டார். அந்த விவசாயிக்கு அப்ப ரேடியோவும் விளம்பரமும் வேளாண் அதிகாரியும் ஒரே பக்கம் நின்னு சொல்லியிருப்பாங்க. எல்லாத்தையும் கேட்டுட்டு, குனிஞ்சு மண்ணைக் கிளறிப் பாத்திருக்கார்.