கத்திக்கு முன்னால் ஒரு வார்த்தை

அஞ்சுகிராமத்துப் பனைவிளைகளில் தளைநாரைக் காலில் மாட்டிக்கொண்டு காலையும் மாலையும் மரமேறி இறங்கியவர்களுக்கு இடுப்பு வலி என்பது வயதோடு தானாக வந்து சேர்ந்துகொள்ளும் பங்காளியாகவே இருந்தது. பொறுக்க முடியாத நிலை வந்தால் அவர்கள் முதலில் தேடிப் போனது வர்ம ஆசானின் திண்ணையைத்தான். ஆசான் உடனே தடவத் தொடங்கிவிடுவதில்லை. எந்தப் பக்கமாக விழுந்தது, இரவில் உறக்கம் உண்டா, சாப்பாடு இறங்குகிறதா என்று நிதானமாக வினவி, காய்ச்சிய எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றிச் சூட்டின் பதம் பார்த்து, "பயப்படாத மக்களே, இப்பம் ஒரு வலி சுள்ளுன்னு வரும், பொறவு இறங்கிரும்" என்று சொல்லிய பின்னரே விரலை வைப்பார். வரப்போகும் வேதனையை முன்கூட்டி அறிவிக்கும் அந்த வாக்கியமும் சிகிச்சையின் ஓர் அங்கமே என்பதை மேல்நாட்டு வைத்திய சாஸ்திரம் ஒப்புக்கொள்ள நெடுங்காலம் ஆயிற்று.

இத்தனைக்கும் நம் தேசத்திலேயே அதற்கு ஒரு விசித்திரமான முன்னோட்டம் நிகழ்ந்திருந்தது. 1845-ஆம் ஆண்டு வங்காளத்து ஹூக்ளியில் ஜேம்ஸ் எஸ்டெயில் என்னும் கம்பெனி வைத்தியர், ரோகியை இருட்டறையில் கிடத்தி, உதவியாளர்களைக் கொண்டு மணிக்கணக்கில் கைவீச்சால் மனத்தை அடங்கச் செய்து, பெரிய கட்டிகளைக்கூட அறுத்தெடுத்து வந்தார். மறு ஆண்டு அக்டோபர் 16-இல் பாஸ்டன் நகரத்து மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் ஈதர் புகையின் வல்லமை வெளிப்படவே எஸ்டெயிலின் முறை மங்கிற்று. ரோகியின் பிரக்ஞையையே நீக்கிவிட முடிந்த பிறகு அவனோடு பேசுவானேன் என்ற எண்ணமும் வைத்திய உலகில் மெல்லக் குடியேறிற்று என்றே நான் கருதுகிறேன்.

நம் ஜில்லாவில் அந்தப் பேச்சு அடியோடு அற்றுப்போகவில்லை. 1838-இல் லண்டன் மிஷன் வைத்தியப் பணி தொடங்கிய நெய்யூரில், எவரெஸ்ட் சிகரம் ஏற முயன்ற ஹோவர்ட் சாமர்வெல் 1920-களிலிருந்து கால் நூற்றாண்டுக் காலம் சஸ்திர சிகிச்சை செய்தார். கத்தி எடுக்குமுன் ஜெபம் செய்வது மிஷன் ஆஸ்பத்திரிகளின் வழக்கம். எந்த மதத்தவராயினும், தம் பொருட்டு ஒருவர் கண்மூடி நிற்பதைக் கண்ட ரோகிக்கு அது எவ்வளவு பெரிய மனோதைரியம்!

முதுகின் கதைக்கு வருவோம். விலகிய ஜவ்வு நரம்பை அழுத்துவதே கால்வரை இறங்கும் வலிக்குக் காரணம் என்பதையும், அதை அறுத்து நீக்கலாம் என்பதையும் 1934-இல் மிக்ஸ்டர், பார் என்னும் இருவர் அதே பாஸ்டன் மருத்துவமனையிலிருந்து எடுத்துரைத்தார்கள். வேலூரில் 1949-இல் ஜேக்கப் சாண்டி நரம்பு அறுவை சிகிச்சைத் துறையைத் தொடங்கினார். ஆனால் ஜவ்வு போன பின்னும் சிலருக்கு வலி போகவில்லை. அறுவைக்கு முன்பே அச்சமும் மனச்சோர்வும், இனி எழவே மாட்டோம் என்ற எண்ணமும் பீடித்திருந்தவர்களிடம் அது அதிகமாக நிலைக்கிறது என்பது பிற்கால ஆராய்ச்சிகளில் தெளிவாயிற்று.

1964-இல் லாரன்ஸ் எக்பெர்ட் என்ற மயக்க மருந்து நிபுணரும் அவருடைய துணைவர்களும் வெளியிட்ட ஆராய்ச்சியும் அந்தப் பாஸ்டன் மருத்துவமனையிலேயே நடந்தது. வயிற்று அறுவைக்கு வந்த 97 பேரில் ஒரு சாராரிடம் முந்தின நாள் மாலையே, வலி எங்கே வரும், எவ்வளவு இருக்கும், எத்தனை நாள் நீடிக்கும், எப்படி மூச்சை இழுத்துத் தசையைத் தளர்த்துவது, எப்படிப் புரண்டு படுப்பது என்று சொல்லிக் கொடுத்தார்கள். அவர்களுக்கு வலி மருந்து ஏறக்குறையப் பாதியே தேவைப்பட்டது. இந்த ஏற்பாட்டை அறியாத சர்ஜன்களே அவர்களைச் சராசரி இரண்டரை நாளுக்கு மேல் முன்னதாக வீட்டுக்கு அனுப்பினார்கள். திண்ணையில் எண்ணெய்க் கையோடு ஆசான் சொன்ன வார்த்தைக்கும் இதற்கும் பெரிய பேதம் எனக்குத் தெரியவில்லை.

முதுகு ஆபரேஷனுக்கென்று அஞ்சுகிராமத்தில் நாகர்கோவில் பஸ் ஏறுகிறவர்கள் இந்த ஐந்து கேள்விகளையும் முந்தின நாளே டாக்டரிடம் கூச்சமின்றிக் கேட்க வேண்டும். கேட்காதவர்களுக்கும் டாக்டர்கள் சொல்ல வேண்டும்.