ரமணாசிரமப் பகுதி: தெருவில் பல மொழி, பள்ளியில் இரண்டு மொழி

திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் அக்னி லிங்கத்துக்கும் எம லிங்கத்துக்கும் இடையே, செங்கம் சாலையை ஒட்டி ஸ்ரீ ரமணாசிரமம் இருக்கிறது. அண்ணாமலையார் கோயிலிலிருந்து தென்மேற்கே சுமார் 2 கி.மீ. தொலைவு. கார்த்திகை தீபத்தையொட்டி வரத் தொடங்கும் வெளிநாட்டவர் பங்குனி வெயில் ஏறும்வரை ஆசிரமத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் வாடகைக்குத் தங்குவார்கள். அந்த மாதங்களில் இங்கே பிரெஞ்சு, ஜெர்மன், ரஷ்யன், ஸ்பானிஷ், ஹீப்ரு, கொரியன் என்று பல மொழிகள் காதில் விழும். இதே ஊரின் உயர்நிலைப் பள்ளிகளிலோ பெரும்பாலான பிள்ளைகள் படிப்பது தமிழும் ஆங்கிலமும்தான். உலகமே வந்து போகும் தெருவில் வளரும் பிள்ளைக்குப் பள்ளியில் ஏன் இன்னொரு அயல்மொழி கிடைப்பதில்லை என்பதற்கு விடை, பாதி அரசியல் வரலாற்றிலும் பாதி மதிப்பெண் கணக்கிலும் இருக்கிறது.

இந்த ஆசிரமத்தின் வரலாறே ஓர் உயர்நிலைப் பள்ளியின் ஆங்கில வீட்டுப்பாடத்தில் தொடங்குகிறது. பின்னாளில் ரமண மகரிஷி என்று அறியப்பட்ட வேங்கடராமன் 1879இல் திருச்சுழியில் பிறந்தவர். மதுரையில் ஸ்காட் நடுநிலைப் பள்ளியிலும் பிறகு அமெரிக்கன் மிஷன் உயர்நிலைப் பள்ளியிலும் படித்தார். பாடத்தைச் சரியாகப் படிக்காததற்குத் தண்டனையாக, பெயின் என்பவரின் ஆங்கில இலக்கண நூலிலிருந்து ஒரு பாடத்தை மூன்று முறை எழுதிவரச் சொன்னார்கள். 1896 ஆகஸ்ட் 29 அன்று இரண்டு முறை எழுதி முடித்தவர், மூன்றாவது முறை எழுதாமல் தாள்களை ஒதுக்கி வைத்துவிட்டுக் கண்மூடி அமர்ந்தார். அண்ணனின் கடிந்துரை, கல்லூரிக் கட்டணத்துக்கான ஐந்து ரூபாயிலிருந்து எடுத்துக்கொண்ட மூன்று ரூபாய், பழைய நிலப்படத்தைப் பார்த்துத் திண்டிவனத்துக்கு எடுத்த ரயில் சீட்டு என்று மற்றவை பக்தர்கள் அறிந்த கதை. செப்டம்பர் 1 அன்று அவர் திருவண்ணாமலை வந்து சேர்ந்தார்.

ஆனாலும் பள்ளியில் கற்ற ஆங்கிலம் அவரை விடவில்லை. குருமூர்த்தம் என்ற இடத்தில் மௌனமாக இருந்தபோது, தாலுகா அலுவலகக் கணக்கர் வேங்கடராம ஐயர் அவருடைய பெயரும் ஊரும் தெரியாமல் நகரமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தார். இளம் சாமியார் தாளில் எழுதிக் காட்டியது ஆங்கில எழுத்துகளில்: வேங்கடராமன், திருச்சுழி. படிப்பறியாத பையன் என்று நினைத்திருந்தவர்கள் திகைத்துப் போனார்கள். சம்ஸ்கிருதம், தெலுங்கு, மலையாளம் ஆகியவற்றை அவர் பள்ளியில் கற்கவில்லை. அடியார்கள் கொண்டுவந்த நூல்களைப் படித்துப் படித்தே பழகி, பிறகு அம்மொழிகளில் செய்யுளும் இயற்றினார்.

1911இல் அவரைத் தேடி வந்த முதல் மேற்கத்தியர் பிராங்க் ஹம்ப்ரீஸ் என்ற ஆங்கிலேயக் காவல் அதிகாரி. பயிற்சிக்காக வேலூர் வந்திருந்த அவருக்குத் தெலுங்கு கற்பித்த முன்ஷி நரசிம்மய்யா வழியாகத்தான் ரமணரின் சீடர் காவ்யகண்ட கணபதி சாஸ்திரியின் தொடர்பும், அதன் மூலம் ரமணரின் தரிசனமும் கிடைத்தன. ஆக, வெளிநாட்டவருக்கும் இந்த ஊருக்குமான உறவு ஒரு மொழி வகுப்பிலிருந்தே கிளைத்தது. 1934இல் பால் பிரண்டன் ஆங்கிலத்தில் எழுதிய பயண நூல் அந்த உறவைப் பல நாடுகளுக்கு விரித்தது. 1944இல் ரமணரைப் பற்றிய ஹைன்ரிஷ் சிம்மரின் ஜெர்மன் நூல் உளவியலாளர் யுங்கின் முன்னுரையோடு சூரிச்சில் வெளிவந்தது. பிரான்சில் பிறந்த பெனடிக்டைன் துறவி ஹென்றி லெ சோ, அபிஷிக்தானந்தர் என்ற பெயரில் அருணாசல மலையின் குகைகளில் தங்கி எழுதினார். ஆசிரமத்தின் இதழான மவுண்டன் பாத், ஆர்தர் ஆஸ்போர்னை ஆசிரியராகக் கொண்டு 1964இல் தொடங்கியபோது அதன் மொழியும் ஆங்கிலமே.

எதிர்த்திசையிலும் கற்றல் நடந்திருக்கிறது, அதுவும் ஆழமாக. ரமணரின் அடியாரான சாது ஓமுடன் இருந்து தமிழ் கற்று, ரமணரின் செய்யுள்களைச் சொல்லுக்குச் சொல் ஆங்கிலத்தில் பெயர்த்தவர் மைக்கேல் ஜேம்ஸ். கோயிலின் கல்வெட்டுகள், கட்டடக்கலை, திருவிழாக்கள், நகர வரலாறு ஆகியவற்றைப் பற்றிப் புதுச்சேரியிலிருந்து இயங்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனங்கள் 1989 முதல் பல தொகுதிகள் வெளியிட்டன. அவற்றில் பெரும்பகுதி பிரெஞ்சில் இருப்பதால், தம் ஊர்க் கோயிலைப் பற்றிய இவ்வளவு விரிவான ஆய்வை உள்ளூர் ஆசிரியர் ஒருவர் இன்றும் நேராகப் படிக்க முடியாது. அயல்மொழி வெளிநாட்டு வேலைக்கு மட்டும்தான் என்பவர்கள் இதையும் எண்ணிப் பார்க்கலாம்.

திருவண்ணாமலையில் வெளிநாட்டவர் நடத்திய பள்ளியும் உண்டு. நகரிலுள்ள டேனிஷ் மிஷன் மேல்நிலைப் பள்ளியின் பெயரே அதன் தோற்றத்தைச் சொல்லிவிடும். டென்மார்க்கிலிருந்து வந்தவர்கள் தொடங்கினாலும், அங்கே பாடமொழிகளாக நிலைத்தவை தமிழும் ஆங்கிலமும்தான். அரசு வேலைக்கும் மேற்படிப்புக்கும் வேண்டியிருந்தது ஆங்கிலம். டேனிஷ் மொழியை யாரும் கேட்கவுமில்லை.

விடுதலைக்குப் பிறகு தமிழ்நாட்டுப் பள்ளிகளின் மொழிப்பாடத்தைத் தீர்மானித்தது இந்தி எதிர்ப்புப் போராட்டம். 1968 ஜனவரி 23 அன்று, அண்ணா முதலமைச்சராக இருந்தபோது, சட்டமன்றம் மும்மொழித் திட்டத்தை நிராகரித்துத் தமிழ், ஆங்கிலம் என்ற இருமொழிக் கொள்கையை ஏற்றது. அந்தத் தீர்மானத்தின் குறி இந்திதான். பிரெஞ்சோ ஜெர்மனோ அல்ல. ஆனால் மூன்றாம் மொழிக்கான இடம் பாடவேளை அட்டவணையிலிருந்தே போய்விட்டதால் அவையும் சேர்ந்தே வெளியேறின. தனியார் மெட்ரிகுலேஷன் பள்ளிகளில் மட்டும், தமிழுக்குப் பதிலாகப் பிரெஞ்சு, இந்தி, சம்ஸ்கிருதம் ஆகியவற்றில் ஒன்றை எடுக்கும் வழக்கம் தொடர்ந்தது. 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் அந்த வாசலை வகுப்பு வகுப்பாக மூடியது. 2006-07இல் ஒன்றாம் வகுப்பில் கட்டாயமான தமிழ், 2015-16இல் பத்தாம் வகுப்பை எட்டியது. தமிழ்நாட்டில் படிக்கும் பிள்ளை தமிழே எழுதத் தெரியாமல் பத்தாம் வகுப்பு முடிக்கக் கூடாது என்ற சட்டத்தின் நோக்கத்தில் குறை சொல்ல ஏதுமில்லை. தமிழுக்குப் பதிலாக அல்லாமல் தமிழோடு கூடுதலாக ஒரு மொழி என்ற வழியை யாரும் வகுக்கவில்லை என்பதே குறை.

அச்சட்டம் பதினோராம், பன்னிரண்டாம் வகுப்புகளைத் தொடவில்லை. 1978இல் மேல்நிலைக் கல்வி தொடங்கியபின், பகுதி 1 மொழியாகத் தமிழ் மட்டுமன்றிப் பிரெஞ்சு, ஜெர்மன், அரபி, சம்ஸ்கிருதம் முதலியவற்றையும் எழுதலாம் என்ற நிலை இருந்துவருகிறது. சென்னையிலும் பெருநகரங்களிலும் 'பிரெஞ்சு எடுத்தா மார்க் அள்ளலாம்' என்பது ஒவ்வொரு ஜூன் மாதமும் பெற்றோர் பேசிக்கொள்ளும் பேச்சு. அதுவரை ஒரு பிரெஞ்சு எழுத்தும் அறியாத மாணவர், இரண்டே ஆண்டில் நூற்றுக்கு நூறை நெருங்குவார். பாடம் தொடக்க நிலையிலிருந்து ஆரம்பிக்கிறது, வினாக்கள் எதிர்பார்த்த வடிவில் வருகின்றன, எல்லாமே எழுத்துத் தேர்வு. பாரிசிலிருந்து வந்த ஒருவர் ரமண நகரில் வழி கேட்டால் இந்த மாணவரால் பதில் சொல்ல முடியுமா என்று யாரும் சோதிப்பதில்லை. பொறியியல் கலந்தாய்வுக்குக் கணிதம், இயற்பியல், வேதியியல் மதிப்பெண்களே போதும். மொழிப்பாடம் கணக்கில் வராது. பிறகு எதற்கு இந்த ஓட்டம்? மொத்த மதிப்பெண்ணுக்காக, பள்ளிகளின் விளம்பரப் பலகைக்காக. 2017இல் அரசு மாநில ரேங்க் பட்டியலை நிறுத்தியபின் வேகம் சற்றுத் தணிந்தது, பழக்கம் போகவில்லை.

மத்திய வாரியப் பள்ளிகளின் கதை வேறு. சி.பி.எஸ்.இ. தன் தேர்வுப் பட்டியலில் பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ், ஜப்பானிய மொழி உட்படப் பல அயல்மொழிகளை வைத்திருக்கிறது. ஆனால் அங்கும் நிலைத்தன்மை இல்லை. 2011இல் கேந்திரிய வித்யாலயா சங்கதன் கோத்தே நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்து ஜெர்மனை மூன்றாம் மொழியாக்கியது. 2014 இறுதியில், கல்வியாண்டின் நடுவே, அதை எடுத்துவிட்டுச் சம்ஸ்கிருதத்தை வைத்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. தேசியக் கல்விக் கொள்கை 2020, உயர்நிலை வகுப்புகளில் கற்கக்கூடிய அயல்மொழிகளாகக் கொரியன், ஜப்பானிய மொழி, தாய், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ், போர்ச்சுகீஸ், ரஷ்யன் ஆகியவற்றைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது; 2019 வரைவில் இருந்த சீனம் இறுதி ஆவணத்தில் இல்லை. அதே கொள்கை, மூன்று மொழிகளில் இரண்டு இந்திய மொழிகளாக இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. மூன்றாவது இடத்தை ஆங்கிலம் பிடித்துக்கொள்ளும். பிரெஞ்சுக்கு இருக்கை எங்கே? தமிழ்நாடு அரசு 2025 ஆகஸ்டில் வெளியிட்ட மாநிலக் கல்விக் கொள்கை இருமொழிக் கொள்கையையே உறுதிசெய்தது.

திருவண்ணாமலையிலிருந்து பேருந்தில் மூன்று மணி நேரத்தில் போய்விடக்கூடிய புதுச்சேரி இதற்கு நேர்மாறு. 1956இல் இந்தியாவும் பிரான்சும் கையெழுத்திட்ட ஒப்பந்தம், மக்கள் பிரதிநிதிகள் வேறு முடிவு செய்யும்வரை பிரெஞ்சு ஆட்சிமொழியாக நீடிக்கும் என்றது. 1826இல் தொடங்கிய லிசே பிரான்சே என்ற பள்ளி இன்றும் பிரெஞ்சுப் பாடத்திட்டத்தில் நடக்கிறது. அங்கே பிரெஞ்சு என்பது குடும்பத்தில் ஒருவர் வாங்கும் ஓய்வூதியம், பாரிசிலிருக்கும் உறவினர், கடவுச்சீட்டு; மதிப்பெண் பிறகுதான்.

சிங்கப்பூர் இன்னொரு வழியைக் காட்டுகிறது. அங்கே தமிழ் மாணவர் ஆங்கிலத்தையும் தாய்மொழிப் பாடமாகத் தமிழையும் படிக்கிறார். தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் தகுதி பெற்றால், 1978இல் கல்வி அமைச்சு நிறுவிய மொழி நிலையத்துக்கு மாலையில் போய்ப் பிரெஞ்சோ ஜெர்மனோ ஜப்பானிய மொழியோ கற்கலாம். ஒவ்வொரு பள்ளிக்கும் தனித்தனி ஆசிரியர் தேட வேண்டியதில்லை. பல பள்ளிப் பிள்ளைகள் ஓரிடத்தில் கூடுகிறார்கள். தமிழும் குறைவதில்லை.

ரமணாசிரமப் பகுதியில் அயல்மொழி தெரிந்தவர்கள் இல்லாமல் இல்லை. ஆட்டோ ஓட்டுநர்கள், விடுதி நடத்துபவர்கள், உணவகப் பணியாளர்கள், துணிக்கடைக்காரர்கள் வாடிக்கையாளரிடம் பேசிப் பேசியே ஆங்கிலத்தையும் மற்ற மொழிகளில் விலை, நேரம், நலம் விசாரிப்பு ஆகியவற்றையும் பழகியிருக்கிறார்கள். அண்மை ஆண்டுகளில் ஆந்திர, தெலங்கானா பக்தர்களின் வரவு பெருகியதால், பிழைப்புக்கு முதலில் வேண்டிய மொழியாகத் தெலுங்கு முன்னே வந்துவிட்டது. பேச்சில் கெட்டிக்காரர்களான இவர்களுக்கு எழுத்தும் இலக்கணமும் எட்டவில்லை. எழுத்தில் நூறு வாங்கும் மாணவருக்கோ பேச்சு வரவில்லை.

இன்றைய தேவை மதிப்பெண்ணைத் தாண்டியது. ஜெர்மனியில் செவிலியராக அங்கீகாரம் பெறப் பொதுவாக ஐரோப்பிய அளவுகோலின் பி2 நிலை தேவைப்படுகிறது. ஜப்பானிய மொழித் திறன் தேர்வு என்5 முதல் என்1 வரை ஐந்து நிலைகளில் நடக்கிறது; சென்னையும் தேர்வு மையம். இந்தத் தேர்வுகள் கேட்டலையும் சேர்த்துச் சோதிக்கின்றன. ஜெர்மன் தேர்வில் பேச்சுக்கும் மதிப்பெண் உண்டு. திருவண்ணாமலை மாணவர் முறையாகக் கற்கப் புதுச்சேரி அலியான்ஸ் பிரான்சேஸ் அல்லது சென்னையின் கோத்தே நிறுவனம், கொரிய மொழி கற்பிக்கும் இன்கோ மையம் போன்றவற்றுக்குத்தான் போக வேண்டும், அல்லது இணைய வகுப்பில் சேர வேண்டும். மேல்நிலை வகுப்பில் அயல்மொழி படிக்கச் சட்டத் தடை ஏதுமில்லை. கற்பிக்கும் ஆசிரியருக்கான பணியிடம்தான் அரசுப் பள்ளிகளில் இல்லை. மாவட்டத் தலைநகர் ஒவ்வொன்றிலும் பல பள்ளிகளுக்குப் பொதுவாக ஒரு மாலைநேர மொழி மையம் தொடங்க அரசு முன்வந்தால், முதல் மையத்தைச் செங்கம் சாலையில் வைக்கலாம்.