இயற்கை நிறமி சூரிய மின்கலம்

இயற்கை நிறமி சூரிய மின்கலம் என்பது பூ, பழம், இலை, கிழங்கு ஆகியவற்றின் நிறமியால் ஒளியை ஈர்த்து மின்சாரம் தரும் கலம். இவ்வகைக் கலத்தின் அடிப்படை வடிவத்தை மைக்கேல் கிரேட்செல், பிரையன் ஓ'ரீகன் இருவரும் 1991இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டனர். அவர்கள் கையாண்ட சாயத்தில் ருத்தேனியம் என்னும் அரிய, விலை மிகுந்த உலோகம் இருந்தது. அதற்கு மாற்றாகவே தாவர நிறமிகள் ஆராயப்படுகின்றன.

செய்முறை: மின்கடத்தும் கண்ணாடியில் டைட்டானியம் டைஆக்சைடு பசையைத் தடவி, சுமார் 450 டிகிரி செல்சியசில் சுட்டால் நுண்துளைகள் நிறைந்த வெண்படலம் கிடைக்கும். செம்பருத்திப் பூச்சாறு போன்ற ஒன்றில் இதை ஊறவைத்தால், இதழின் நிறமியான ஆந்தோசயனின் படலத்தில் பற்றிக்கொள்ளும். வெண்மை மறைந்து ஊதா படரும். கரி பூசிய இன்னொரு கண்ணாடியை இதன்மேல் பொருத்தி, இடையில் அயோடைடு கரைசல் விடுவார்கள்.

இயங்கும் விதம்: ஒளி பட்டதும் நிறமி ஓர் எலெக்ட்ரானை வெண்படலத்துக்குத் தருகிறது. அது வெளிச்சுற்று வழியே கரிமுனையை அடைகிறது. நிறமி இழந்ததை அயோடைடு ஈடுசெய்கிறது.

தமிழக ஆய்வு: கோயம்புத்தூர் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெக்னாலஜியைச் சேர்ந்த ஆய்வாளர்கள் பங்கேற்ற ஆய்வொன்று 2011இல் வெளியானது. துத்தநாக ஆக்சைடு நுண்கம்பிகளில் இட்லிப்பூ (வெட்சி), மல்பெரி, பீட்ரூட் சாறுகளை ஏற்றிச் சோதித்தனர். திறன் முறையே 0.33, 0.41, 0.28 விழுக்காடு. கடைகளில் விற்கும் சிலிக்கான் பலகைகளின் திறன் 20 விழுக்காட்டை ஒட்டியது.

குறைகள்: தாவர நிறமிகள் ஒளியின் குறுகிய பகுதியையே உறிஞ்சுகின்றன. பச்சையத்தில் படலத்தைப் பற்றும் வேதித் தொகுதி இல்லாததால் அது எளிதில் ஒட்டாது. புறஊதா ஒளியில் டைட்டானியம் டைஆக்சைடே நிறமியைச் சிதைக்கும். வெயில் மிகுந்த ஊர்களில் திரவக் கரைசல் கசிந்து ஆவியாவதும் ஆயுளைக் குறைக்கும். எனவே, நிறமியை நிலைநிறுத்துவதும் கலத்தைக் கசியாமல் அடைப்பதும் ஆய்வின் முதன்மைப் பணிகள். வணிக மின்னுற்பத்திக்கு இன்னும் எட்டாவிட்டாலும், ஒளி மின்சாரமாகும் விதத்தைப் பள்ளி ஆய்வகத்திலேயே மாணவர்கள் செய்து பார்க்க இக்கலம் வழிசெய்கிறது.