விலையைக் கேட்டால் திட்டு, புத்தகம் கிடைத்தால் கும்பிடு: பழைய காமிக்ஸ் வியாபாரியை நம்பலாமா?

டிரெயினிங்குக்கோ வேலைக்கோ மைசூர் வந்திருக்கிறீர்கள். ஊரில் அப்பாவின் டிரங்குப் பெட்டியில் இருந்த முத்து காமிக்ஸ் எப்போதோ எடைக்குப் போய்விட்டது. இப்போது கையில் சம்பளம் வருகிறது. அதே புத்தகத்தை ஒரு வியாபாரி வாட்ஸ்அப்பில் போட்டோ போட்டு, நான்கு இலக்கத்தில் விலை சொல்கிறார்.

அவரைப் பற்றி இரண்டு சேகரிப்பாளர்களிடம் விசாரித்துப் பாருங்கள். ஒருவர் "தங்கமான மனுஷன், அவர் இல்லன்னா இந்தப் புத்தகமே கிடைச்சிருக்காது" என்பார். இன்னொருவர் "பக்கமே போயிடாதீங்க" என்பார். பெரும்பாலும் இருவர் சொல்வதும் உண்மையாகவே இருக்கும்.

காமிக்ஸ் சேகரிப்பு உள்ள எல்லா நாட்டிலும் வியாபாரிக்கு இப்படி இரட்டைப் பெயர் உண்டு. பணம் அனுப்பும் முன், அந்தப் பெயர் எதனால் வருகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது.

ஒரே ஆளுக்கு எப்படி இரண்டு பெயர்?

உலகத்திலேயே அதிகம் பேசப்பட்ட உதாரணம் அமெரிக்காவின் டென்வர் நகரத்தில் நடந்தது. எட்கர் சர்ச் என்ற விளம்பர ஓவியர் 1930-களின் கடைசியிலிருந்து 1950-களின் நடுப்பகுதி வரை காமிக்ஸ் வாங்கி வீட்டில் அடுக்கிக்கொண்டே இருந்தார். 1977-ல் குடும்பத்தினர் வீட்டைக் காலி செய்தபோது அதை மொத்தமாக வாங்கியவர் சக் ரொசான்ஸ்கி. மைல் ஹை காமிக்ஸ் கடையின் உரிமையாளரான அவர் அப்போது இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தார். கிடைத்த புத்தகங்கள் 18,000 முதல் 22,000 வரை இருக்கும் என்கிறார்கள். சூப்பர்மேன் அறிமுகமான 1938-ம் ஆண்டின் 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழும் அதில் இருந்தது. டென்வரின் வறண்ட காற்றில், நெருக்கமாக அடுக்கப்பட்டிருந்ததால் தாள்கள் அச்சகத்திலிருந்து வந்த மாதிரியே இருந்தன.

குடும்பத்துக்கு அவர் கொடுத்தது அன்றைய சந்தை மதிப்பில் ஒரு சிறு பங்குதான். விற்கும்போதோ, அன்றைய விலைக் கையேட்டைவிட அதிகமாக விலை வைத்தார். "வாங்கும்போது ஏமாற்றினார், விற்கும்போதும் ஏமாற்றுகிறார்" என்று அப்போது திட்டியவர்கள் நிறைய. திட்டிக்கொண்டே வாங்கியவர்களின் புத்தகங்கள் பின்னாளில் பல மடங்கு விலைக்குப் போயின. இன்று ஒரு பிரதி 'மைல் ஹை' தொகுப்பிலிருந்து வந்தது என்றாலே விலை ஏறுகிறது. ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழின் இன்னொரு பிரதி 2024 ஏப்ரலில் 60 லட்சம் டாலருக்கு ஏலம் போனது என்பதை வைத்து, இந்தச் சந்தை எவ்வளவு வளர்ந்துவிட்டது என்று ஊகித்துக்கொள்ளலாம்.

ரொசான்ஸ்கி அந்தத் தொகுப்பைக் காப்பாற்றியவரா, சுருட்டியவரா? ஏறக்குறைய 50 வருடங்களாக இந்த விவாதம் ஓடுகிறது. அந்தக் கதையைப் பற்றி விரிவாக எழுதியவர்களில் அவரும் ஒருவர் என்பது கூடுதல் சுவாரசியம்.

அவர் வரவில்லை என்றால் தொகுப்பு குப்பைக்குப் போயிருக்கலாம். அதேசமயம், குடும்பத்துக்குத் தெரியாத ஒரு விஷயம் அவருக்குத் தெரிந்திருந்தது, அதை அவர் காசாக்கினார். இந்த இரண்டில் ஒன்று மற்றதை ரத்து செய்துவிடுவதில்லை.

விலை அதிகம் என்பது குற்றமா?

வியாபாரிகள் மீது அதிகம் வரும் புகார் இதுதான். "90 பைசா புத்தகத்துக்கு 3,000 ரூபாயா?"

ஒரு கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். வியாபாரி 100 புத்தகங்களை மொத்தமாக 5,000 ரூபாய்க்கு வாங்குகிறார். அதில் எல்லாரும் தேடுவது 10 மட்டும். தலா 1,500-க்குப் போகிறது. வாங்கியவர் கண்ணுக்கு அது 50 ரூபாய் புத்தகம், 30 மடங்கு லாபம். மீதி 90 புத்தகம் வருடக்கணக்கில் அலமாரியில் தூங்கும். அதில் சிலதை ராமபாணப் பூச்சி தின்னும். லாபமே இல்லை என்று சொல்ல வரவில்லை, நல்ல லாபம்தான். ஆனால் நாம் பார்ப்பது விற்ற பத்தை மட்டும்.

இதைவிட முக்கியமான விஷயம், விலை உங்களுக்கு முன்னாடியே தெரிகிறது. பிடிக்கவில்லை என்றால் "வேணாம்ணே" என்று சொல்லிவிட்டுப் போகலாம். நாளைக்கே மறுபதிப்பு வந்து விலை சரிந்தால் அதற்கு வியாபாரி பொறுப்பில்லை.

புத்தகத்தின் நிலை அப்படித் தெரிவதில்லை. "நல்ல கண்டிஷன்", "முதல் பதிப்பு", "பக்கம் எல்லாம் முழுசா இருக்கு" என்ற மூன்று வாக்கியங்களையும் நீங்கள் நம்பித்தான் வாங்க வேண்டும். பெயர் கெடுவதற்கு நியாயமான இடம் இதுதான். அதனால் ஒரு வியாபாரியைப் பற்றி விசாரிக்கும்போது "விலை எப்படி?" என்று கேட்காதீர்கள். "சொன்ன மாதிரியே வந்துச்சா? இல்லன்னா திரும்ப வாங்கிக்கிட்டாரா?" என்று கேளுங்கள். கெட்ட பெயரில் பாதி அங்கேயே உதிர்ந்துவிடும். மீதி இருப்பதை சீரியஸாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. திருப்தியாக வாங்கியவர்களில் பலர் வாயே திறக்க மாட்டார்கள். ஒரு நல்ல வியாபாரியை ரகசியமாகவே வைத்துக்கொள்ளும் சேகரிப்பாளர்களும் உண்டு. அடிபட்டவர் பத்து பேரிடம் சொல்வார். நம் காதுக்கு வரும் சாம்பிளே கோணல்தான்.

நம்ம ஊர் சந்தையில் என்ன பிரச்சினை?

அமெரிக்காவில் ஓவர்ஸ்ட்ரீட் என்ற விலைக் கையேடு 1970-லிருந்து வருகிறது. 2000-ல் சிஜிசி என்ற நிறுவனம் வந்தது. அது புத்தகம் வாங்குவதும் இல்லை, விற்பதும் இல்லை. 10-க்கு எவ்வளவு என்று தரம் போட்டு, பிளாஸ்டிக் உறையில் சீல் வைத்துக் கொடுக்கும். அதிலும் ஓட்டை விழுந்தது. உறையைத் திறந்து உள்ளே வேறு பிரதியை மாற்றி வைத்து விற்ற விவகாரம் 2023 டிசம்பரில் வெடித்தது.

தமிழ் காமிக்ஸுக்கு அப்படி எல்லாரும் ஒப்புக்கொண்ட கையேடு எதுவும் இல்லை. ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய் புத்தகத்தை அமெரிக்காவுக்கு அனுப்பித் தரம் வாங்குவது கட்டுப்படியாகிற வேலையும் இல்லை. எனவே தேடுபவர், வைத்திருப்பவர், தரம் சொல்பவர், விலை சொல்பவர் எல்லாமே ஒரே ஆள். நீங்கள் இணையத்தில் பார்க்கும் விலைகளும் பெரும்பாலும் கேட்ட விலைகள்தான். ஒரு புத்தகம் 5,000 என்று ஒரு வருடமாகப் போட்டிருக்கிறது என்றால், அந்த விலைக்கு ஆள் இல்லை என்றுதான் அர்த்தம்.

மறுபதிப்பு இதைக் கொஞ்சம் மாற்றுகிறது. சிவகாசியிலிருந்து 1972-ல் இரும்புக்கை மாயாவியோடு கிளம்பிய முத்து காமிக்ஸ், 1984-ல் தொடங்கிய லயன் காமிக்ஸ் இரண்டும் ஒரே குடும்பத்தின் வெளியீடுகள். நடுவில் தொய்ந்து, 2012-க்குப் பிறகு மறுபடி சுறுசுறுப்பாகி, பழைய கதைகள் பலவற்றைத் திரும்ப அச்சிட்டன. 'இரத்தப் படலம்' நல்ல உதாரணம். 2010-ல் 18 பாகங்களும் ஒரே புத்தகமாக, கறுப்பு வெள்ளையில், 200 ரூபாய்க்கு வந்தது. தீர்ந்துபோன பிறகு கைமாறிய விலை பல மடங்கு. 2018-ல் அதே கதை வண்ணத்தில் வந்துவிட்டது. கதை படிக்க வேண்டும் என்பவருக்கு இனி பழைய பிரதி தேவையில்லை. அந்தப் பிரதியேதான் வேண்டும் என்பவர் மட்டும் பழைய விலையோடு மல்லுக்கட்டலாம். நீங்கள் இதில் எந்த ரகம் என்று முதலில் முடிவு செய்துகொண்டால் பாதி செலவு மிச்சம்.

சொல்வது உண்மையா என்று எப்படிப் பார்ப்பது?

சில விஷயங்களுக்கு வியாபாரி தயவே வேண்டாம், எண்களே காட்டிக்கொடுக்கும்.

டைம்ஸ் ஆஃப் இந்தியா குழுமம் 1964 முதல் 1990 வரை வெளியிட்ட இந்திரஜால் காமிக்ஸின் எண்கள் 805 வரை போகின்றன. ஆனால் வந்தது 803 இதழ்கள்தான். வேலைநிறுத்தம் காரணமாக 123, 124 இரண்டும் அச்சாகவே இல்லை. "805-ம் இருக்கு, ஒரு நம்பர்கூட மிஸ் ஆகல" என்று ஒருவர் சொன்னால், அவருக்கு விவரம் தெரியவில்லை, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார்.

அமர் சித்ர கதாவுக்கு வருவோம். கர்நாடகாவில் இருப்பவர்களுக்கு இது ஸ்பெஷல். பெரும்பாலானோர் முதல் புத்தகம் என்று நினைக்கும் 'கிருஷ்ணா'வின் எண் 11. அதற்கு முந்தைய 10 எண்கள் கன்னடத்தில் வந்த வெளிநாட்டுத் தேவதைக் கதைகள். மைசூரில் பழைய புத்தகக் கடையில் குனிந்து தேடும்போது மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் வரிசை எண் 501-லிருந்து மாற்றப்பட்டது. 'கிருஷ்ணா' 501 ஆனது. எனவே 501 போட்ட பிரதியை முதல் பதிப்பு என்று யாராவது விற்றால் உடனே மறுத்துவிடலாம். 11 என்று இருந்தாலே முதல் பதிப்பு என்றும் அர்த்தமில்லை, பழைய எண்ணிலேயே பலமுறை மறு அச்சு வந்திருக்கிறது. அட்டை விலையையும் பின்பக்க விளம்பரங்களையும் சேர்த்துப் பார்த்தால்தான் காலம் பிடிபடும்.

தமிழ்ப் பிரதிகளில் நம்ம ஊருக்கே உரிய சேதாரங்கள் உண்டு. வாடகை நூலக சீல், செல்லோடேப் கறை, துருப்பிடித்த பின். இதெல்லாம் போட்டோவிலேயே தெரியும். தெரியாதது பைண்டிங். பத்துப் பதினைந்து இதழைச் சேர்த்துத் தைத்து, ஓரத்தை இயந்திரத்தில் சீவிவிடுவார்கள். பிறகு யாரோ பிரித்து ஒவ்வொன்றாக விற்பார்கள். அட்டை பளபளவென்று இருக்கும், ஆனால் புத்தகம் ஒரு சுற்று சின்னது. ஸ்கேல் வைத்துப் போட்டோ கேளுங்கள், முதுகுப் பக்கத்தில் ஊசித் துளை இருக்கிறதா என்று கேளுங்கள். நடுப்பக்கம் கழன்று வேறு பிரதியிலிருந்து ஒட்டப்பட்டதா என்பதற்கு, பக்கம் பக்கமாகப் புரட்டும் வீடியோ ஒன்று போதும். வீடியோ கேட்டதும் கோபப்படுபவரிடம் வாங்க வேண்டிய அவசியமில்லை.

ஈரப்பதமும் ஒரு விஷயம். நியூஸ்பிரிண்ட் தாளுக்குக் கடற்கரைக் காற்று எமன். கடல்மட்டத்திலிருந்து சுமார் 750 மீட்டர் உயரத்தில் இருக்கும் மைசூரில் சென்னையைவிட அது கொஞ்சம் நிம்மதியாக இருக்கும். வாங்கிய பிறகு லாஃப்டில் போடாமல் இருந்தால்.

கதையை ஸ்கேன் செய்து பிரின்ட் எடுத்து 'அரிய பிரதி' என்று விற்பது தனி ரகம். அசல் பழைய புத்தகத்தை மறுவிற்பனை செய்வதில் தப்பே இல்லை. அனுமதி இல்லாமல் நகல் அச்சிட்டு விற்பது, காப்புரிமைச் சட்டம் 1957-ன் 63-வது பிரிவின்படி 6 மாதம் முதல் 3 வருடம் வரை சிறைக்கும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதத்துக்கும் உரிய குற்றம்.

ஏமாந்துவிட்டால்?

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 பழைய பொருளுக்கும் பொருந்தும். வியாபாரி எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான விவகாரத்துக்குக் கட்டணம் இல்லை. அவகாசம் 2 வருடம். முதல் படியாக 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம்.

இரண்டு சிக்கல்கள் உண்டு. விற்றவர் இதைத் தொழிலாகச் செய்பவர் என்று காட்ட முடிய வேண்டும். தன் வீட்டுப் புத்தகத்தை ஒரே ஒருமுறை விற்றவர் மீது இந்த வழி கடினம். அடுத்து, நீங்களே மறுவிற்பனை லாபத்துக்காக வாங்கியிருந்தால் சட்டத்தின் பார்வையில் நீங்கள் நுகர்வோர் இல்லை. "இன்வெஸ்ட்மென்ட்ணா, ரெண்டு வருஷத்துல டபுள்" என்று வியாபாரியிடம் சாட் செய்துவைத்தவர்கள் கவனிக்கவும். "முதல் பதிப்பு, முழுப் பக்கம்" என்று அவரை எழுத்தில் சொல்லவைப்பதும், பார்சலைப் பிரிக்கும்போது வீடியோ எடுப்பதும்தான் உங்கள் ஆதாரம்.

பெட்டி உங்கள் வீட்டில் இருந்தால்?

வாங்குபவர் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். சர்ச் குடும்பத்தின் இடத்தில் நீங்கள் இருந்தால்? தாத்தா வீட்டைக் காலி செய்கிறீர்கள், காமிக்ஸ் வாங்குபவர் ஒருவர் வந்து நிற்கிறார்.

இங்கே சட்டம் அவ்வளவு துணைக்கு வராது. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-ன் 17-வது பிரிவின் விளக்கப்படி, வெறுமனே வாய் திறக்காமல் இருப்பது பொதுவாக மோசடி ஆகாது. "இந்த ஒரு புத்தகம் மட்டும் பத்தாயிரம் போகும்" என்று அவர் உங்களுக்குச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. மதிப்பு தெரிந்துகொண்டே "இதெல்லாம் ஒண்ணுத்துக்கும் ஆகாது சார்" என்று பொய் சொன்னால் அது வேறு கதை, ஆனால் அதை நிரூபிக்க வேண்டியது நீங்கள்.

சேகரிப்பாளர்களிடம் நல்ல பெயர் எடுத்த வியாபாரி, விற்க வரும் குடும்பத்திடமும் அதே மாதிரி நடந்துகொள்வார் என்று எடுத்துக்கொள்ள முடியாது. அவரது பெயரைத் தீர்மானிப்பவர்கள் திரும்பத் திரும்ப வாங்கும் வாடிக்கையாளர்கள். வாழ்க்கையில் ஒரே ஒரு முறை விற்கும் குடும்பத்தின் குரல் அந்தக் கணக்கில் வருவதே இல்லை.

எனவே ஆளைக் கூப்பிடும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கி, ஒவ்வொரு புத்தகத்தின் பெயர், எண், அட்டை விலை மூன்றையும் ஒரு எக்ஸெல் ஷீட்டில் ஏற்றுங்கள். குறைந்தது இரண்டு வியாபாரிகளிடம் அந்த ஷீட்டைக் காட்டி விலை கேளுங்கள். மொத்தமாக ஒரு விலை சொன்னால், தனித்தனியாக எந்தப் பத்துக்கு எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள்.

அதுவரை செல்லோடேப் மட்டும் ஒட்டாதீர்கள்.